தாயக்கட்டையும் தலையெழுத்தும்

ஏலகிரி ஒருபுறம், சவ்வாது மலை மறுபுறம். இரண்டுக்கும் இடையே திருப்பத்தூர். வெயில் தாழ்ந்த வேளையில் அவ்வூர்த் திண்ணை ஒன்றில் தாயம் ஆடப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கரித்துண்டால் கீறிய கட்டம். சுற்றி நான்கு பேர். உள்ளங்கையில் உரசி உருட்டப்படும் இரண்டு பித்தளைக் கட்டைகள். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். மூவருக்கு விழுந்துவிட்டது. நான்காமவனுக்கு விழவில்லை. ஏழு முறை உருட்டினான். எட்டாம் முறையும் உருட்டினான். இரண்டு விழுந்தது, மூன்று விழுந்தது, தாயம் மட்டும் விழவில்லை. பக்கத்தில் அமர்ந்து பார்த்திருந்த பெரியவர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்: "அவன் ராசி அப்படி!"

ராசி! இந்த ஒரு சொல்லைக்கொண்டு எத்தனை கேள்விகளை அடக்கிவிட்டார்கள்! காய் இறங்காதவனுக்கு ராசி இல்லை. மணமாகாத மகளுக்கு ராசி இல்லை. வேலை கிடைக்காத பட்டதாரிக்கு ராசி இல்லை. ஏன், ஆயிரம் ஆண்டு ஏர் பிடித்தும் ஒரு குழி நிலம் சொந்தமாகாத உழவனுக்கும் ராசி இல்லை! தாயத் திண்ணையில் பிறந்த சொல், தரணி முழுவதையும் ஆளக் கிளம்பிவிட்டது. ஆகவே அந்தத் திண்ணையிலேயே அதைப் பிடித்து நிறுத்தி விசாரிப்பதே முறை. விசாரணைக்கு நாம் அழைக்கும் சாட்சி கணிதம். அதன் பெயர் நிகழ்தகவு.

எண்ணத் தெரிந்தால் போதும்

தாயக்கட்டை ஒன்றுக்கு நான்கு நீள்பக்கங்கள். ஒரு பக்கம் வெறுமை. மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். முதற்கட்டை நான்கு வகையாக விழலாம். அந்த ஒவ்வொன்றுடனும் இரண்டாம் கட்டை நான்கு வகையாக விழலாம். ஆக, 4 × 4 = 16 வகைகள். கட்டை நேர்மையானதாக இருக்குமானால், இந்த 16இல் எதற்கும் தனிச் சலுகை இல்லை, எல்லாம் சமம்.

இனி எண்ணுவோம். தாயம், அதாவது மொத்தம் ஒன்று, எப்படி விழும்? முதலது வெறுமை, இரண்டாவது ஒன்று; அல்லது முதலது ஒன்று, இரண்டாவது வெறுமை. இரண்டே வழி. இரண்டு விழ 3 வழி. மூன்று விழ 4 வழி. நான்கு விழ 3 வழி. ஐந்து விழ 2 வழி. ஆறு விழ ஒரே வழி. இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்து பன்னிரண்டு ஆவதற்கும் ஒரே வழி. கூட்டிப் பாருங்கள்: 2, 3, 4, 3, 2, 1, 1. மொத்தம் 16. ஒன்றும் தவறவில்லை, ஒன்றும் மிகவில்லை.

விரும்பும் வழிகளை மொத்த வழிகளால் வகுப்பதே நிகழ்தகவு. தாயத்துக்கு 16இல் 2, அதாவது எட்டில் ஒன்று. மூன்றுக்கு 16இல் 4, அதாவது நான்கில் ஒன்று. தாயத்தைவிட மூன்று இரு மடங்கு அடிக்கடி விழுவது ஏன் என்பதற்கு எந்தத் தேவதையையும் துணைக்கு அழைக்கவேண்டியதில்லை. விரல்விட்டு எண்ணினால் போதும்.

எட்டில் ஒன்று என்றால், எட்டு முறை உருட்டினால் ஒரு முறை விழுந்தே தீரவேண்டும் என்று பொருளா? அங்கேதான் அறிவு வழுக்குகிறது. ஒரு முறை உருட்டித் தாயம் விழாமற்போகும் வாய்ப்பு எட்டில் ஏழு. இரண்டு முறையும் விழாமற்போவது, எட்டில் ஏழின் எட்டில் ஏழு. இப்படியே எட்டு முறை பெருக்கினால் கிடைப்பது ஏறத்தாழ 100க்கு 34. எட்டு முறை உருட்டுகிறவர்களில் மூன்றில் ஒருவருக்குத் தாயம் விழவே விழாது! நான்கு பேர் ஆடும் திண்ணையில் ஒருவன் அப்படி மாட்டிக்கொள்வது வியப்பன்று. விழாதவன் ஒருவனும் இல்லாமற்போவதே அருமை. பெரியவர் 'ராசி' என்று பெயரிட்டது ஒரு பெருக்கல் கணக்குக்குத்தான்.

இன்னொன்று. எட்டு முறை தவறிவிட்டதால், ஒன்பதாம் முறை விழவேண்டிய 'கடன்' கட்டைக்கு இருக்கிறதா? இல்லை. பித்தளைக்கு நினைவு கிடையாது. முன்பு விழுந்தது எது, விழாதது எது என்று அது கணக்கு எழுதி வைப்பதில்லை. ஒன்பதாம் முறையும் அதே எட்டில் ஒன்றுதான். 'இத்தனை நாள் போனது, இனி வரும்' என்று தாலியை அடகு வைத்துச் சூதாடியவர்கள் இந்த ஒரு வரியை அறிந்திருந்தால், அழிந்த குடும்பங்கள் பல பிழைத்திருக்கும்.

கட்டையைச் சோதித்தவர்கள்

பாரதக் கதையில் தருமன் சூதாடினான். நாட்டை வைத்தான், தோற்றான். தம்பியரை வைத்தான், தோற்றான். தன்னையே வைத்தான், தோற்றான். இறுதியில் மனைவியை வைத்தான், அதிலும் தோற்றான். சபையில் அறம் அறிந்தோர் இருந்தனர், வேதம் அறிந்தோர் இருந்தனர், வில்லாற்றல் மிக்கோர் இருந்தனர். விதி என்று விம்மினர் சிலர். வாய் மூடி வீற்றிருந்தனர் பலர். "இத்தனை முறையும் ஒரே பக்கம் வெற்றி விழுகிறதே, அந்தக் கட்டையைக் கொண்டுவா, சோதிப்போம்" என்று கேட்டவர் ஒருவரும் இல்லை! அறிவுக்குத் தாழ்ப்பாள் போட்ட அவையில் அபலையின் சேலைக்குப் பாதுகாப்பு எங்கிருந்து வரும்?

கட்டையைச் சோதிக்கும் துணிவு இத்தாலியில் முளைத்தது. கார்டானோ என்ற மருத்துவர், தாமே சூதாடிப் பழகியவர், 16ஆம் நூற்றாண்டில் கவறாட்டத்தைக் கணக்காக எழுதினார். அவர் 1576இல் இறந்த பிறகு, 1663இல்தான் அது அச்சேறியது. பின்னர் கலிலியோவிடம் சூதாடிகள் ஒரு புதிர் கொண்டுவந்தனர். ஆறுமுகக் கவறு மூன்றை உருட்டினால், ஒன்பதும் ஆறு வகைக் கூட்டாக வருகிறது, பத்தும் ஆறு வகைக் கூட்டாக வருகிறது. ஆயினும் பத்து சற்று அதிகமாக விழுகிறதே, ஏன் என்றனர். கலிலியோ மந்திரம் ஓதவில்லை. 216 வகைகளையும் எண்ணினார். ஒன்பதுக்கு 25 வழி, பத்துக்கு 27 வழி. மூன்று மூன்று மூன்று என்பது ஒரே விதமாகத்தான் விழும். மூன்று மூன்று நான்கு என்பது மூன்று விதமாக விழும். அவ்வளவே வேறுபாடு.

1654இல் பிரான்சில் பாசுகலும் பெர்மாவும் கடிதம் வழியே மற்றொரு சிக்கலைத் தீர்த்தனர். நம் ஊர் வழக்கில் சொல்வோம். இருவர் ஆளுக்கு 32 ரூபாய் வைத்து ஆடுகின்றனர். முதலில் மூன்று ஆட்டம் வெல்பவனுக்கு 64 ரூபாயும். ஒருவன் இரண்டு வென்றான், மற்றவன் ஒன்று வென்றான். அப்போது மழை வந்து ஆட்டம் நின்றுபோயிற்று. பணத்தைப் பிரிப்பது எப்படி? 'இரண்டுக்கு ஒன்று' என்று பலரும் சொல்வர். அது தவறு. அடுத்த ஆட்டம் நடந்திருந்தால் முதல்வன் வென்று 64ஐயும் எடுத்திருப்பான். தோற்றாலும் இருவரும் சமநிலையில் நிற்பர், 32 அவனுக்கு உரியது. ஆகவே 32 அவனுக்கு எப்படியும் உறுதி; மீதி 32இல் இருவருக்கும் சம வாய்ப்பு, ஆளுக்கு 16. முதல்வனுக்கு 48, மற்றவனுக்கு 16. நடந்ததை மட்டும் பார்க்காதே, நடக்கக்கூடியது அனைத்தையும் எண்ணு என்ற பாடம் இதிலிருந்துதான் வளர்ந்தது.

ஆனால் நம் வீட்டுச் சோழியை என்ன செய்வது? அதன் முதுகு வளைவு, வயிறு பிளவு. இரண்டு பக்கமும் சமம் அல்ல. பாதிக்குப் பாதி என்று சொல்ல முடியாது. அதற்கும் விடை உண்டு. யாக்கோபு பெர்னூலி எழுதி, அவர் இறந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின் 1713இல் வெளியான நூல் கூறுவது இது: முன்கூட்டி எண்ண முடியாத இடத்தில் பலமுறை செய்து பார்த்து எண்ணு, எண்ணிக்கை பெருகப் பெருக, கிடைக்கும் விகிதம் உண்மையை நெருங்கும். சோழியை ஆயிரம் முறை எறிந்து குறித்து வைப்பவன் அறிவியலாளன். மூன்று முறை எறிந்து எதிர்காலம் சொல்பவன் யார் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை.

செவ்வாய் செய்த குற்றம் என்ன?

திண்ணையை விட்டுத் திருமணத் தரகரிடம் வருவோம். 'பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம்' என்ற இரண்டு சொற்கள், எத்தனை கூடங்களில் எத்தனை இளம்பெண்களை மூலையில் உட்கார வைத்திருக்கின்றன! அந்தத் தோஷம் என்பது யாது? சாதகக் கட்டத்தில் வீடுகள் 12. இலக்கினத்திலிருந்து எண்ணும்போது 2, 4, 7, 8, 12 ஆகிய வீடுகளில் செவ்வாய் நின்றால் தோஷம் என்பது நம் நாட்டுச் சோதிடர் கூற்று. பூமி ஒரு நாளில் ஒரு முறை சுழல்வதால் இலக்கினமும் ஒரு நாளில் 12 வீட்டையும் சுற்றிவிடும். ஆகவே செவ்வாய் எந்த வீட்டில் நிற்கவும் ஏறத்தாழச் சம வாய்ப்பு உண்டு. 12இல் 5! நூறு குழந்தைகள் பிறந்தால் ஏறத்தாழ 42 குழந்தைகள் தோஷக் குழந்தைகள்!

தோஷம் உள்ளவருக்குத் தோஷம் உள்ளவரே துணை என்பது அடுத்த விதி. இருவருக்கும் தோஷம் இருக்கும் வாய்ப்பு 144இல் 25. இருவருக்கும் இல்லாதிருக்கும் வாய்ப்பு 144இல் 49. ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாதிருக்கும் வாய்ப்பு, எஞ்சிய 70. அதாவது, மனம் ஒத்த இணைகள் 144ஐ இவர்களிடம் கொண்டுசென்றால், அவற்றுள் 70ஐ இந்த ஒரே விதியால் பிரித்துவிடுவார்கள். நிலவிலிருந்தும் வெள்ளியிலிருந்தும்கூட எண்ணவேண்டும் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. மூன்று இடத்திலிருந்தும் தப்பும் வாய்ப்பு ஏறத்தாழ 1,728இல் 343 மட்டுமே. பத்தில் எட்டுப் பேர் தோஷக்காரர்! பத்தில் எட்டுப் பேருக்கு இருப்பது தோஷமா, அல்லது மனித இயல்பா? அதனால்தான் பின்னர் 'விலக்கு' என்றும் 'பரிகாரம்' என்றும் கதவு திறக்கிறார்கள். அந்தக் கதவில் கட்டணம் வாங்குகிறார்கள்.

'சொன்னது பலித்ததே' என்பார்கள். 1,024 சோதிடர்கள் ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் விழப்போவது என்ன என்று கண்ணை மூடிச் சொல்லட்டும். இரண்டைப் பத்து முறை பெருக்கினால் 1,024. ஆகவே சராசரியாக அவர்களில் ஒருவர் பத்தையும் சரியாகச் சொல்லிவிடுவார். அவருக்குப் பட்டாடை, பல்லக்கு, பத்திரிகையில் படம். தவறிய 1,023 பேரை எவரும் எண்ணுவதில்லை. எண்ணாமையே ஏமாற்றுக்கு முதலீடு.

மலைமேல் ஒரு மறுமொழி

திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த சவ்வாது மலையில், ஆலங்காயத்துக்கு அப்பால் காவலூர் இருக்கிறது. வைணு பாப்பு என்ற அறிஞரின் முயற்சியால் 1960களின் இறுதியில் அங்கே வானாய்வு தொடங்கிற்று. 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி திறந்துவைக்கப்பட்டது. இன்று அந்த ஆய்வகம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1988இல் அங்கே கண்டறியப்பட்ட சிறுகோள் ஒன்றுக்குக் கணிதமேதை இராமானுசன் பெயர் சூட்டப்பட்டது. மலையடியில் செவ்வாய் மணமகளை மிரட்டுகிறது. மலைமேல் செவ்வாய், கண்ணாடியில் விழும் ஒரு செந்நிறப் புள்ளி. ஒரே கோள், ஒரே வானம். பார்க்கும் மூளைதான் வேறு.

அந்த மலையின் இருண்ட வானில் கார்த்திகை மீன்கள் தெளிவாகத் தெரியும். அறுமீன் என்று நம் முன்னோர் எண்ணி வைத்தனர். பின்னர் வந்தவர்கள் அவற்றை ஆறு தாய்மாராக்கிக் கதை கட்டினர். 1767இல் ஜான் மிச்சல் என்ற ஆங்கிலேயர் வேறு கேள்வி கேட்டார். விண்மீன்கள் வானெங்கும் தற்செயலாகச் சிதறிக்கிடப்பதாகக் கொண்டால், அந்த ஒளிமிக்க ஆறும் இவ்வளவு நெருக்கமாக வந்து சேரும் வாய்ப்பு என்ன? கணக்கிட்டார், ஏறத்தாழ 5 இலட்சத்தில் ஒன்று. ஆகவே, இது தற்செயல் அன்று. இவை ஏதோ ஒரு காரணத்தால் உண்மையிலேயே கூடிய கூட்டம் என்று முடிவு கட்டினார். பிற்கால ஆய்வு அதை உறுதிசெய்தது.

இந்த முறையை மனத்தில் வையுங்கள். 'தற்செயல்' என்று வைத்துக்கொள், வாய்ப்பைக் கணக்கிடு, அது நம்பமுடியாத அளவு சிறியதானால், தற்செயல் என்ற எண்ணத்தைக் கைவிடு, காரணத்தைத் தேடு. விண்மீனுக்குப் பொருந்தும் இந்த முறை, மண்ணில் வாழும் மனிதனுக்குப் பொருந்தாதா?

பதினாறில் பதினைந்து

பொருத்திப் பார்த்த வரலாறு நமக்கு உண்டு. 1916 டிசம்பரில் பிட்டி தியாகராயர் வெளியிட்ட பார்ப்பனரல்லாதார் கொள்கை அறிக்கை, வசைமாரி பொழிந்த ஏடு அன்று. எண்களை அடுக்கிய ஏடு. சர் அலெக்சாண்டர் கார்டியூ என்ற உயர் அதிகாரி அரசாங்க ஆணையத்தின் முன் அளித்த விவரங்களை அது எடுத்துக்காட்டியது. 1892 முதல் 1904 வரை மாகாண சிவில் சர்வீசுக்கு நடந்த போட்டித் தேர்வுகளில் வென்றவர்கள் 16 பேர்; அவர்களில் பார்ப்பனர் 15 பேர். நிலையான மாவட்ட முன்சீப்புகள் 128 பேரில் 93 பேர் பார்ப்பனர். மக்கள்தொகையிலோ அவர்கள் நூற்றுக்கு மூன்று நான்கு பேர்.

'பதினாறு சிறு எண்தானே, தற்செயலாக இருக்கலாமே' என்பார் உண்டு. அவருக்காகவே தாராளமாக நடந்துகொள்வோம். பார்ப்பனர் நூற்றுக்கு நான்கு அல்ல, ஐம்பது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது இது 16 நாணயம் சுண்டும் கணக்கு. மொத்த வகைகள் 65,536. அவற்றுள் 15 தலை விழுவது 16 வகை, 16உம் தலை விழுவது ஒரு வகை, ஆக 17. அதாவது ஏறத்தாழ 3,855இல் ஒன்று. பாதிப்பேர் என்று கொண்டாலே இந்தக் கதி! உண்மையான விகிதத்தில், நூற்றுக்கு நான்கு என்று போட்டுப் பார்த்தால், ஒன்றுக்குக் கீழே எழுதவேண்டிய எண் 20 இலக்கம் நீளும். கார்த்திகை மீன்களின் நெருக்கமே தற்செயல் அன்று என்றால், இந்த நெருக்கம் தற்செயலா?

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். கணக்கு, 'இது தற்செயல் அன்று' என்பதை மட்டுமே மெய்ப்பிக்கும். காரணம் எது என்பதை அது தானே சொல்லாது. 'பிறவி அறிவு' என்றனர் ஒரு சாரார். 'பள்ளிக் கதவு' என்றனர் நம்மவர். எது சரி என்பதைச் சோதித்துத்தான் அறியவேண்டும். கதவைத் திறந்து பார்த்தோம். எஸ். முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோது, 1928இல் நடைமுறைக்கு வந்த வகுப்புவாரி உரிமை, 12 இடங்களில் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனருக்கு 2, முசுலிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர், கிறித்தவருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1 என வகுத்தது. நூற்றுக்கு நான்கு பேருக்கு ஆறில் ஒரு பங்கு! அதையும் அநீதி என்று அழுதவர்கள் இருந்தார்கள். நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாது என்றது, தமிழகம் கொதித்தது, 1951இல் அரசியல் சட்டமே முதன்முறையாகத் திருத்தப்பட்டது. இன்று மருத்துவராகவும் பொறியாளராகவும் நீதிபதியாகவும் விளங்கும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளே அந்தச் சோதனையின் முடிவு. மாறியது மூளை அன்று, கதவு.

குடத்துக்குள் யார்?

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டை நீங்கள் அறிவீர்கள். முதலாம் பராந்தகன் காலம். 919, 921ஆம் ஆண்டுகள். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதிக் குடத்தில் இடப்பட்டன. குடம் குலுக்கப்பட்டது. விவரம் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான்; வாங்குபவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்றார், மறைத்து மாற்ற இடமில்லாதபடி! ஓலைக்கு ஓலை வேற்றுமை இல்லாத சம வாய்ப்பு. பாசுகலுக்கு 700 ஆண்டுகள் முன்பே, நேர்மையான குலுக்கல் எப்படி இருக்கவேண்டும் என்று நம் மண்ணில் அறிந்திருந்தார்கள். பாராட்டுவோம், மனமாரப் பாராட்டுவோம்.

பாராட்டிவிட்டு ஒரு கேள்வி கேட்போம். குடத்துக்குள் யார் பெயர்? அது பார்ப்பனருக்கு வழங்கப்பட்ட பிரமதேய ஊர். கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். 35 முதல் 70 வரை வயது வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். வேதமும் பாடியமும் கற்றவனுக்கு அரைக்கால் வேலி நிலமே போதும் என்ற சலுகையும் உண்டு! அந்த நிலத்தை உழுதவன் பெயர் குடத்தில் இல்லை. அந்த ஏரியைத் தூர்வாரியவன் பெயர் இல்லை. எந்தப் பெண்ணின் பெயரும் இல்லை. ஒரு குடும்பில் 40 ஓலை என்று வைத்துக்கொண்டால், உள்ளே இருப்பவனுக்கு 40இல் ஒன்று. வெளியே நின்றவனுக்கு? 40இல் சுழி. குடத்தை நூறு முறை குலுக்கினாலும், நூறு ஆண்டு குலுக்கினாலும், இல்லாத ஓலை எழுந்து வராது.

நிகழ்தகவு நமக்குத் தரும் பெரும்பாடம் இதுதான், தோழர்களே! குலுக்குவது நேர்மையாக இருந்தால் போதாது. குடத்தில் இட்டதும் நேர்மையாக இருக்கவேண்டும். 'எல்லோருக்கும் ஒரே தேர்வு, ஒரே விதி' என்று குடத்தைக் குலுக்கிக் காட்டுகிறவர்களிடம், முதலில் அதைக் கொட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

பிறரிடம் கேட்பதோடு நின்றுவிட்டால் அது பிரச்சாரம். நம்மிடமும் கேட்டால்தான் அது பகுத்தறிவு. ஆணும் பெண்ணும் பாதிப் பாதியாக வாழும் ஊரில், பத்துப் பேர் கொண்ட குழு ஒன்றைக் குலுக்கி எடுத்தால், அதில் ஒரு பெண்ணும் இல்லாதிருக்கும் வாய்ப்பு என்ன? பாதியைப் பத்து முறை பெருக்குங்கள். 1,024இல் ஒன்று. சோதிடன் பத்தையும் சரியாகச் சொல்வதற்கு இருந்த அதே வாய்ப்பு!

இந்த வாரம் உங்கள் கிளையின் செயற்குழுப் பட்டியலை எடுத்து, பெயர்களை எண்ணிப் பாருங்கள். உங்கள் படிப்பகத்தின் பொறுப்பாளர்களை எண்ணுங்கள். மேடையில் பேசியவர்களை எண்ணுங்கள். 1,024இல் ஒன்று நடந்திருக்குமானால், 'தற்செயல்' என்று தப்பிக்க முனையாதீர்கள். 'முன்வரவில்லை' என்று திண்ணைப் பெரியவரைப்போல் தீர்ப்புக் கூறாதீர்கள். ராசி அன்று காரணம். குடத்தில் ஓலை இல்லை. அதை எழுதிப் போடவேண்டிய கை நம்முடையது.